‘ல’ போட்ட போர்டு

ஊருக்கெல்லாம் லோகோ போட்டுக் கொடுப்பவர்களுக்குத் தங்களுக்கென்று ஒன்று போடத் தெரியாது என்பார்கள். நான் இதை இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில், காதுகுத்து பிளெக்ஸ்களில் தாய்மாமன்களின் முகத்தை வெள்ளையாக்கிக்கொண்டிருந்தேன். அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக டிசைன் ஸ்டூடியோ தொடங்கினேன். லலிதா என்ற என் பெயரின் ‘ல’தான் லோகோ. இடப்பக்கச் சுழியைச் சின்னதாக்கி, வளைவைக் கிண்ணம்போல ஆழமாக்கி, வலப்பக்கக் கோட்டைத் தடித்த கட்டையாக நிமிர்த்தினேன். வான்நீலத்தில் பளீர் வெள்ளை. (யாரிடமாவது ஒரு தடவை காட்டியிருக்கலாம். மேதைகள் காட்டமாட்டார்கள்.)

திறப்பு விழாவுக்கு முக்கிய விருந்தாளி, சின்னாளபட்டி சுங்குடிச் சேலை வியாபாரி ஒருவர். அவர் கடைகளின் பெயர்ப்பலகை, பை, விளம்பரம் எல்லாம் எனக்கே என்று பேச்சு. அதை நம்பித்தான் வேலையை விட்டிருந்தேன்.

அவர் கையில் கேசரியைக் கொடுத்து, என் லோகோவின் தத்துவத்தை விளக்க ஆரம்பித்தேன். அப்போது வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே வந்தார்.

“ஏம்மா, வெள்ளை என்ன வெல வருது?”

“எதுண்ணே?”

“போர்டுல போட்டிருக்கீகள்ல, அந்த உக்காருறது. அப்பாவுக்கு முட்டி வலி, குத்தவைக்க முடியல.”

எனக்குப் புரியவில்லை. வியாபாரிக்குப் புரிந்து, கேசரி புரையேறியது.

“அண்ணே, அது ‘ல’ண்ணே!”

“என்ன லாவோ... தண்ணித்தொட்டியும் சேத்துத்தான?”

வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தேன். கிண்ணம். பின்னால் நிமிர்ந்து நிற்கும் தொட்டி. அசல் வெஸ்டர்ன் டாய்லெட். வாழ்க்கையில் அவ்வளவு தத்ரூபமாக நான் எதையும் வரைந்ததில்லை.

“யோசிச்சுச் சொல்றேம்மா” என்று வியாபாரி கிளம்பினார். (இன்னும் யோசிக்கிறார்.)

என் கணவர் ஏணியோடு வந்தார். “செத்த நேரம் பொறு, சாக்கைப் போட்டு மூடிர்றேன்.”

“மூடுனா நான் தோத்துட்டேன்னு அர்த்தம். அது ‘ல’. படிக்கத் தெரிஞ்சவங்க படிக்கட்டும்.”

“படிக்கவே வேணாம் தாயி, பாத்தாலே தெரியுது” என்றார் மாமியார். “அம்புட்டுத் தெளிவா இருக்கு.”

கதவைச் சாத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். ஆனால் போர்டை இறக்கவில்லை. விலை கேட்டு வந்தவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்தேன் (நாற்காலியில்தான்). பழனி பஞ்சாமிர்தக்காரர் ஒருவர் பீங்கான் தேடி வந்து, டப்பாவுக்கு லேபிள் செய்துகொண்டு போனார். நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவர், மகள் கல்யாணப் பத்திரிகை. இப்படித்தான் என் ஸ்டூடியோ பிழைத்தது. அந்த முட்டிவலிக்காரரின் மகனுக்கு மட்டும் சரியான கடைக்கு வழி சொல்லி அனுப்பினேன்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் பாத்ரூம் என்று சொல்வதில்லை. “லலிதாவுக்குப் போயிட்டு வாரேன்” என்றுதான் சொல்கிறார்கள். போன மாதம் ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணம். புதிதாகச் சம்பந்தம் செய்த வீட்டு அம்மா ஒருவர், எங்கள் ஆட்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, நான் யாரென்று தெரியாமல் அவசரமாக என்னிடமே கேட்டார்:

“ஏனுங்க, இங்க லலிதா எங்கீங்க இருக்குது?”

“நேராப் போயி வலது பக்கம்” என்று காட்டினேன். அவர் திரும்பி வரும்வரை காத்திருந்து, என் விசிட்டிங் கார்டைக் கையில் கொடுத்தேன். அதே ‘ல’. ஒரு வளைவைக்கூட மாற்றவில்லை.