வவுச்சர் சாரும் ஓசிப் பாட்டும்

வாட்ஸ்அப்பில் ஓசியில் வந்த பாட்டுக்கு வீடு தேடி வந்து காசு வசூலித்த மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் மேனாம்பேடு ஃபிளாட்டில், சரியாக என் தலைக்கு மேல் வீட்டில் வந்து வாய்த்தார். ஆவடியில் ஒரு தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர். நாங்கள் வைத்த பெயர் வவுச்சர் சார்.

ஃபிளாட் குரூப்பில் யாராவது பாட்டைப் போட்டால் போதும். மறுநாள் பல் துலக்கும் நேரத்தில் காலிங் பெல் அடிக்கும்.

"நேத்து பாட்டு அனுப்பினீங்களே, அதைப் பண்ணவங்களுக்கு அஞ்சு ரூபா குடுங்க."

கொடுத்தால் வவுச்சரில் கையெழுத்து. மறுத்தால், மறுத்ததற்கு இன்னொரு வவுச்சரில் கையெழுத்து. வாட்ச்மேன் நொந்துபோனார். "இன்னா சார், காதுல வுழுந்ததுக்கெல்லாம் துட்டா? நான் சும்மா கேட்டாண்ட குந்திகினு கீறேன்!" அவருக்கு மட்டும் சலுகை விலை, இரண்டு ரூபாய்.

சேர்ந்த பணத்தோடு ஒரு பாட்டு கம்பெனிக்கே போனார். இதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று அவர்கள் விழிக்க, இவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். மரியாதையாக லிஃப்டில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

ஆடி மாதம் நான் ஓர் அம்மன் பாட்டைப் போட்டுத் தொலைத்தேன். அதில் யாரோ ஒரு பாடகர் பெயர் இருந்தது. சார் அவருக்கு போன் போட்டால், "என் பாட்டு இல்லைங்க" என்றார். சார் விடவில்லை. எனக்கு யார் அனுப்பியது, அவருக்கு யார் அனுப்பியது என்று போன் போனாக விசாரித்து, மூன்று வாரத்தில் நெமிலிச்சேரியில் ஒரு மினி லாரி டிரைவரிடம் போய் நின்றார். பாட்டைப் பரப்பிய குற்றவாளி என்று என்னையும் இழுத்துப்போனார்.

வழியெல்லாம் ஆளுக்கு ஐந்தாக வசூலித்துச் சார் நீட்டிய காசை டிரைவர் தனசேகர் தொடவே இல்லை.

"எம் பாட்டுன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்றான் சார். வேற பேர்ல சுத்திகினு கீது. எம் பொண்டாட்டியே சிரிக்குது."

அடித்துத் திருத்தி எழுதிய நோட்டைக் கொண்டுவந்தார். சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, போனில் பாட்டை நிறுத்தி நிறுத்தி வரிவரியாகச் சரிபார்த்தார். பிறகு வவுச்சரில் எழுதினார்: 'பாடல் எழுதி, மெட்டுப் போட்டவருக்கு, ரூபாய் நாற்பது.'

"துட்டு கெடக்கட்டும். அந்தச் சீட்டுல ஒண்ணு எனக்குக் குடு சார்."

அவர் மனைவி அதை இரண்டு தடவை படித்தாள்.

"மெய்யாலுமே நீதானாய்யா?"

தனசேகர் சீட்டை வாங்கி நோட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, சார் அந்தப் பாட்டைச் சுருதியே இல்லாமல் பாடிக்கொண்டு வந்தார். அவரைச் சீக்கிரம் இறக்கிவிட மனமில்லை. வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.