சம்பந்தி நெற்றியில் இருந்த நீறு

மைசூரு,
தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளி. (நம் கணக்கில் மாசி.)

மதிப்பிற்குரிய மச்சான் கருப்புசாமி அவர்களுக்கு,

தங்கை கணவன் ஆறுமுகசாமியின் வணக்கம். நானும் உங்கள் தங்கை சொர்ணலதாவும் மகள் அஷ்வினியும் சுகம். கொள்ளேகாலில் நீங்களும் கடையும் சுகமாக இருக்க சிக்கம்மன் அருள் செய்யட்டும். போனில் பேசினால் உண்மையைத் தவிர எல்லாம் என் வாயில் வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

அஷ்வினி கிறிஸ்தவப் பையனைக் கட்டுவதாகச் சொன்னபோது, "நெத்தியில நீறு இல்லாத ஊட்டுக்கு என்ற தங்கச்சி மகள அனுப்ப மாட்டேன், மாமன் மாலையும் கெடையாது" என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். மாமன் மாலை விழாமல் மணமேடை ஏற மாட்டேன் என்று அவள் அழுதாள். பிறகு உறுதி பேசிய அன்று, சம்பந்தி சவரியப்பா வீட்டார் ஒன்பது பேரும் நெற்றியில் நீறோடு நிற்கும் போட்டோவை அனுப்பினேன், நீங்களும் மனமிரங்கி வருவதாகச் சொன்னீர்கள். மச்சான், அந்த நீறு நமக்காக வைத்தது இல்லை.

நடந்தது இதுதான். நம் காலண்டரில் வளர்பிறை பார்த்து, கிறிஸ்தவர்களுக்குக் கறி போடாவிட்டால் மரியாதை இல்லை என்று செவ்வாய், வெள்ளியெல்லாம் தள்ளி ஒரு புதன்கிழமையைப் பிடித்தேன், சம்பந்தி போனில் "அன்னைக்கு புதன்ங்களே..." என்று இழுத்தார், நான் அவரை முடிக்க விடாமல் "புதன்னா தாராளமா கறி சாப்புடலாங்க, கவலையே படாதீங்க" என்றேன், அவர் "ஆய்த்து பிடி, சரி விடுங்க, மோர் மட்டும் கொஞ்சம் கூட வையுங்க" என்றார். பதினெட்டுக் கிலோ ஆட்டுக்கறி வாங்கினேன். வந்தவர்கள் நெற்றியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டோவுக்கு அழகாக இருக்க வேண்டுமென்று கண்ணாடியைக் கழற்றியிருந்ததால் அது சிலுவைக் குறி என்று தெரியவில்லை. பழனி விபூதித் தட்டை நீட்டினேன், "காலையிலயே வெச்சாச்சுங்க" என்றார் சம்பந்தி, இவ்வளவு பக்தியா என்று நாற்காலியில் ஏறாத குறையாகச் சொற்பொழிவு ஆற்றினேன். அவர்கள் தலை குனிந்து கேட்டார்கள், பாவம், பசி.

பிரியாணி அண்டாவைத் திறந்ததும் ஒருவரும் இலையைக் காட்டவில்லை. அஷ்வினி என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய், "அப்பா, இன்னைக்கு அவங்களுக்கு சாம்பல் புதன். ஒருவேளைதான் சாப்பாடு, கறி தொட மாட்டாங்க. மண்ணாப் பொறந்தே, மண்ணாத்தான் போவேன்னு சொல்லி ஃபாதர் வெச்ச சாம்பல் அது. மூணு தடவ சொல்ல வந்தேன், நீங்க பேசிட்டே இருந்தீங்க" என்றாள். சொர்ணலதா வைத்த ரசத்தில்தான் நம் மானம் தப்பியது. கறி மூன்று நாள் தெருவுக்கே போனது.

மறுநாள் சம்பந்தி தங்கள் மாதா கோயில் காலண்டர் ஒன்றைக் கொடுத்தார். கட்டத்துக்குக் கட்டம் புனிதர்கள். தச்சர்களுக்கு சூசையப்பர், தொலைந்த சாமானுக்கு அந்தோனியார். யோசிக்காமல் வாயைத் திறப்பவனுக்கு யாராவது உண்டா என்று கேட்டேன். "ஏன் இல்லாம, இராயப்பருங்க, பேதுருன்னும் சொல்வாங்க. பேசிப் பேசியே மாட்டிக்குவாரு. கடைசியில மோட்சத்து சாவிய அவருகிட்டதான் குடுத்தாங்க" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது மச்சான், இருவரையுமே.

இரண்டு காலண்டரும் ஒத்துக்கொண்ட வைகாசி முகூர்த்தத்தில் கல்யாணம். பொய்க் காரணத்துக்காக உங்களை வரவழைக்க மனம் வரவில்லை. உண்மை தெரிந்தும் வருவீர்களா? கோபத்தை என் மேல் வையுங்கள், மாலையை அவள் மேல் போடுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
ஆறுமுகசாமி

பி.கு.: சொர்ணலதாவிடம் படித்துக் காட்டினேன். "ஏனுங்க, எங்கண்ணன் கடைக்கு எதுத்தாப்பலதான மாதா கோயிலு? முப்பது வருசமா அந்தப் புதன்ல நெத்தியில சாம்பலோட வர்றவங்களுக்குத்தான் சீலை விக்கறாரு. போட்டோ பார்த்த அன்னைக்கே எனக்குப் போன் போட்டு அரைமணி நேரம் சிரிச்சாரு. 'நான் எறங்கி வர்றதுக்கு உம் புருசன் ஒரு சாக்கு குடுத்துட்டாரு, அதக் கெடுத்துடாத'ன்னாரு" என்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான். ஆகவே நான் இதை எழுதவில்லை, நீங்களும் படிக்கவில்லை. மாலையை நல்ல கனமாகவே கட்டச் சொல்லுங்கள்.