அஞ்சறைப் பெட்டியில் வாஷர்

"எங்கேடா போய்த் தொலைஞ்சே?" என்று வெங்கடகிருஷ்ணன் கராஜுக்குள் நின்று அதட்டினார். கேட்டது ஸ்க்ரூ டிரைவரை. அதட்டினால் வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு.

வரவில்லை. அடுக்களையில் குக்கரின் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது. பருப்பு ஊறி, உப்பி, அடுத்த பிறவிக்கே தயாராகிவிட்டது.

பெங்களூர் காக்ஸ் டவுனில் அந்தத் தெருவில் கராஜ் இல்லாத வீடு கிடையாது. கராஜுக்குள் காரை விட முடியாத வீடு இது ஒன்றுதான். மாநில அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளாக வெங்கடகிருஷ்ணன் அதைத் தன் 'ஒர்க்ஷாப்' என்று சொல்லிக்கொண்டார். இறக்கை இல்லாத மின்விசிறிகள், விசிறி இல்லாத இறக்கைகள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், எந்தச் சாவிக்கும் மசியாத பூட்டுகள் எல்லாம் கூரை வரைக்கும் குவிந்து கிடந்தன. ஒரு பூனை போன வருஷம் உள்ளே நுழைந்தது. அது இன்னும் வெளியே வரும் வழியைத் தேடிக்கொண்டிருப்பதாகத் தெருவில் பேச்சு. பியட் கார் மட்டும் வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று தவம் செய்தது.

அந்தக் கராஜில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். ஒருமுறை மனைவி அனந்தலக்ஷ்மி ஒரு டால்டா டப்பாவைச் சற்றே நகர்த்திவிட்டாள். அதற்கு அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுத் தென்னையில் இரண்டு இளநீர் விழுந்தன.

"ஏன்னா, கிடைச்சுதா?"

"கிடைக்கும், இரு! எல்லாம் அதது இடத்துல இருக்கு. இடம்தான் ஞாபகம் வரலை!"

அனந்தலக்ஷ்மி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாள்.

"இந்தாங்கோ. சிரில் ஆத்துது. மேல் வரிசை, ரெண்டாவது கொக்கி. கண்ணை மூடிண்டு எடுக்கலாம்."

வெங்கடகிருஷ்ணன் ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டார். "நீ எதுக்கு அவன் கராஜுக்குள்ள எல்லாம் போறே?"

"போனா என்ன? கராஜா அது? கோயில்! ஒரு ஆணி இங்கே அங்கே இல்லை. பாத்துண்டே இருக்கலாம் போல இருக்கு." சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. கல்யாணப் புகைப்படத்தில்கூட அப்படி மலர்ந்ததில்லை. "ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். இந்த வருஷம் ஆயுத பூஜையை சிரில் கராஜ்லயே வெச்சுக்கலாம்னு நானும் அவர் ஆம்படையா மௌரீனும் பேசிண்டோம். நம்மாத்துல நிக்க இடம் ஏது?"

"நம்ம பூஜையை அவாத்துலயா? அவன் சர்ச்சுக்குப் போறவன்!"

"தெருவே வந்து பொரி வாங்கிண்டு போறது. சர்ச்சுக்குப் போனா பொரி பிடிக்காதா?"

"பூசணிக்காய்?"

"அதை சிரில் உடைக்கட்டுமே. கராஜ் அவரோடது."

வெங்கடகிருஷ்ணன் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். தெருவே சுற்றி நிற்க, காசும் குங்குமமும் அடைத்த பூசணிக்காயை ஒரே போடாகப் போடுவது அவர் வருஷா வருஷம் அனுபவித்த ராஜ மரியாதை. உத்தியோகத்தில் கிடைக்காத கைத்தட்டல் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிடும். அது எப்போதும் தொப்பியோடு திரியும் அந்த சிரிலுக்கா? அதுவும் தன் பெண்டாட்டி கையால் கற்பூரம் காட்டி? அப்போது அவருக்குள் எரிந்த அடுப்பில் தெரு முழுக்க இட்லி அவித்திருக்கலாம்.

"பூஜைக்குள்ள நம்ம கராஜ் தயாரா இருக்கும். நீ இங்கேதான் கற்பூரம் காட்டறே!" என்று முழங்கினார்.

"நான் வேணா ஒத்தாசைக்கு..."

"தொடாதே!"

முதல் காரியமாக எதிரியின் கோட்டையை வேவு பார்க்கக் கிளம்பினார். ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கு.

சிரிலின் கராஜைப் பார்த்தவுடன் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். கால் தானாகச் செய்த காரியம், அவர் மேல் குற்றமில்லை. சுவர் முழுக்கப் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தையே பச்சைப் பெயின்ட்டில் கோடாக வரைந்து, அந்தக் கோட்டுக்குள் அதை மாட்டியிருந்தது. அலமாரிப் பலகையின் அடியில் ஹார்லிக்ஸ் பாட்டில் மூடிகளைத் திருகி வைத்திருந்தது; மூடியிலிருந்து பாட்டில்கள் பழங்களைப் போலத் தொங்கின. உள்ளே அளவு வாரியாக ஆணிகள். மேஜை மேல் ஓர் அஞ்சறைப் பெட்டி. கடுகு இருக்க வேண்டிய கிண்ணத்தில் சின்ன வாஷர், மிளகு இருக்க வேண்டியதில் பெரிய வாஷர். இந்த வீட்டில் அஞ்சறைப் பெட்டி எப்படி வந்தது என்று ஒரு கணம் யோசித்தார். பொறாமை அவரை மேற்கொண்டு யோசிக்க விடவில்லை.

"என்னய்யா சிரில், இது எல்லாம் எப்போ பண்ணினே? போன மாசம் வரைக்கும் உன் கராஜும் என்னுது மாதிரிதானே இருந்தது?"

சிரில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஆண்டவர் கிருபை, மேன்."

"ஆண்டவர் பெயின்ட் அடிக்க மாட்டார். யார் சொல்லிக் குடுத்தா?"

"விடு மேன், அதெல்லாம் கேக்காதே. ஏய், ஏய்! அந்த சுத்தியலைத் தொடாதே! எடுத்தா எடுத்த எடத்துல வெக்கணும். இல்லன்னா திட்டு விழும்."

"யாரு திட்டுவா?"

சிரில் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பொதுவாச் சொன்னேன்" என்றார்.

திமிர்! ரகசியத்தைக்கூடச் சொல்ல மனசு வராத திமிர்! வெங்கடகிருஷ்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. போன மாதம் முழுக்க, மௌரீனுக்கு பிசிபேளாபாத் சொல்லிக் கொடுக்கிறேன் என்று அனந்தம் தினமும் மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனாள். ஒரு மாதம் கற்ற பிறகும் மௌரீனின் பிசிபேளாபாத்தைச் சுவரில் பூசலாம். அப்படியானால் அனந்தம் அத்தனை நாளும் அங்கே கராஜைத்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்! தன் சுத்தியலை அவள் ஒருநாளாவது திரும்பிப் பார்த்ததுண்டா?

மறுநாள் கராஜிலிருந்த அத்தனையும் காம்பவுண்டுக்கு வந்தன. குவியல் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தது. பழைய இரும்பு வாங்குகிறவர் தராசோடு ஓடி வந்தார். வீட்டு புரோக்கர் ஒருவர், "காலி பண்றீங்களா சார்?" என்று ஸ்கூட்டரை நிறுத்தினார். இருவரையும் துரத்தினார் வெங்கடகிருஷ்ணன். ஒரு துருப்பிடித்த கீலைக்கூடக் கொடுக்க மனமில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் மனத்தில் ஓர் எதிர்காலம் இருந்தது.

மேகத்துக்கும் ஓர் எதிர்காலம் இருந்தது. பெங்களூர் மழை சொல்லிக்கொண்டா வரும்? காம்பவுண்டில் இருந்த குவியல் கூடத்துக்கு ஓடியது. கூடத்திலிருந்து படுக்கையறைக்கு வழிந்தது. வேலைக்கு வந்த லட்சுமம்மா துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன் சாமி, இதுல நான் எங்க பெருக்குறது?"

"நீ ஒண்ணும் பெருக்க வேண்டாம். எல்லாம் ஒரு ஒழுங்குலதான் இருக்கு."

"அம்மா, நீங்களாச்சும் ஒரு கை..."

அனந்தலக்ஷ்மியின் விரல்கள் துறுதுறுத்தன. ஓர் ஆணிப் பொட்டலத்தை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தாள்.

"தொடாதேன்னேனே!"

"நான் மௌரீன் ஆத்துக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

'மறுபடியும் அங்கேதான்!' என்று பல்லைக் கடித்த வெங்கடகிருஷ்ணன் பிளைவுட் பலகையைத் தரையில் போட்டார். சிரில் பச்சை என்றால் இவர் சிவப்பு. கருவிகளைப் பலகை மேல் பரப்பி, ஒவ்வொன்றையும் சுற்றி எனாமல் பெயின்ட்டால் கோடு இழுத்தார். சிரிலைவிடக் கனமான கோடு. ஈரத்தில் கருவியை எடுத்தால் கோடு கலைந்துவிடுமே என்று அப்படியே காய விட்டார். தன் புத்திசாலித்தனத்தை எண்ணித் தானே சிரித்தும் கொண்டார்.

காலையில் போய்ப் பார்த்தால் அத்தனை கருவியும் பலகையோடு ஒட்டி ஒரே உடம்பாகியிருந்தது. குறடை இழுத்தால் பலகை வந்தது. ரம்பத்தை இழுத்தால் பலகையோடு அவரும் வந்தார்.

"போகட்டும். இனிமே ஒண்ணும் தொலையாது" என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

பலகையைச் சுவரில் மாட்ட ஆணி அடிக்க வேண்டும். ஆணி இருந்தது. சுத்தியல் பலகையில் இருந்தது. சிரிலிடம் கேட்பதா? அதைவிடச் சந்நியாசம் வாங்கிக்கொள்ளலாம். அடுக்களையிலிருந்து அம்மிக் குழவியைத் தூக்கி வந்து ஒரு போடு போட்டார். ஆணி இறங்கவில்லை, சுவர் இறங்கியது. உள்ளே இருந்த செங்கல் பல வருஷத்துக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்துக் கண் கூசியது.

அடுத்தது பாட்டில். அவரிடம் காலி பாட்டில் இல்லை. அடுக்களையில் இருந்த துவரம்பருப்பையும் உளுந்தையும் ஒரே அண்டாவில் கொட்டிவிட்டுப் பாட்டில்களை எடுத்து வந்தார். மூடிகளை அலமாரிக்கு அடியில் அடித்தார். ஆணியை வாய் வரை நிரப்பிப் பாட்டில்களைத் திருகினார். தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்து, "இப்போ சொல்லுடா சிரில்!" என்றார்.

பதில் அலமாரிதான் சொன்னது. மொத்தமும் ஒரே சத்தமாக இறங்கியது. தெருக் கோடியில் எஸ்.டி.டி. பூத்தில் பேசிக்கொண்டிருந்த ஒருவர், துபாயிலிருந்த தம்பியிடம், "இங்க ஏதோ கட்டடம் விழுந்துடுச்சு, அப்புறம் பேசறேன்" என்று ரிசீவரை வைத்துவிட்டார்.

ஆயுத பூஜையன்று விடிந்தபோது கராஜில் கண்ணாடிச் சில்லும் ஆணியும் சுண்ணாம்பும் கணுக்கால் ஆழம். அதன் நடுவில், சிவப்புப் பலகையைத் தோளால் முட்டுக்கொடுத்துச் சுவரோடு நிறுத்திப் பிடித்தபடி வெங்கடகிருஷ்ணன் நின்றார். விட்டால் விழுந்துவிடும். ராத்திரி முழுக்க அப்படித்தான் நின்றாரோ என்னவோ, தாடிகூட லேசாக முளைத்திருந்தது.

அனந்தலக்ஷ்மி பட்டுப்புடவை கட்டி, தட்டில் சந்தனம், குங்குமம், பொரி, பக்கத்தில் பூசணிக்காயோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவர் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டை வைத்தாள்.

"கருவியில வெக்க வேண்டியதை எனக்கு ஏன் வெக்கறே?"

"அங்கே எல்லாரும் காத்துண்டிருக்கா. நீங்களும் வாங்கோளேன்."

"அந்த சிரில் உடைக்கறதைப் பாக்கவா? போ, உனக்கு அவன் கராஜ்தான் ஒசத்தி. அவன்தான் ஒசத்தி!"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். போகும்போது தோள்கள் குலுங்கின. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

சிறிது நேரத்தில் வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் இறங்கினான்.

"குட் மார்னிங் சார். நான் யூஜின், மௌரீனோட தம்பி. ஆஸ்டின் டவுன்லேர்ந்து வர்றேன்."

"சிரில் வீடு அடுத்தது."

"தெரியும் சார். நான் உங்க வீட்டுக்குத்தான் வந்தேன். கராஜ் விஷயமா."

வெங்கடகிருஷ்ணனின் நெஞ்சு நிமிர்ந்தது. ஆஸ்டின் டவுன் வரைக்கும் பேர் போயிருக்கிறதா! பலகையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "வா, வா. உள்ளே வந்து பாரு. என்ன வேணும்?" என்றார்.

யூஜின் உள்ளே எட்டிப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"இல்ல சார், போன மாசம் சிரில் மச்சான் கராஜை ஆணி ஆணியா அடுக்கி, கோடு போட்டு, மாட்டிக் குடுத்தது பக்கத்து வீட்டு ஆன்ட்டின்னு அக்கா சொன்னா, என்னோடதையும் அதே மாதிரி செஞ்சு தருவாங்களான்னு கேக்க வந்தேன்... ஸாரி சார், அது கண்டிப்பா இந்த வீடா இருக்காது, அந்தப் பக்கத்து வீட்டுல போய் விசாரிக்கறேன்!"