அந்தக் கொக்கி எதுக்கு?

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாரிடமும் வழி கேட்க மாட்டேன். நில அளவை ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக வரைபடம் போடுகிறவன், தெருமுனையில் நின்று "இந்த ரோடு எங்கங்க போகுது?" என்று கேட்டால் நன்றாகவா இருக்கும்?

மற்றதெல்லாம் கேட்பேன். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே, அவர் கையிலிருந்த கம்பி எதில் செய்தது என்று கேட்டிருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவரிடம் நான் கேட்ட கேள்விகளில் அவர் குழம்பி வயரை மாற்றி மாட்டிவிட, ஒரு வாரம் ஆறை அழுத்தினால் இரண்டில் போய் நின்றது. ஆபீசில் எனக்கு 'ஏன் சார்' என்று பேர். அவர்கள் கிண்டல் என்று நினைக்கிறார்கள். நான் பட்டம் என்று வைத்திருக்கிறேன்.

என் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி போட்டு ரத்தம் எடுப்பாள், குழாயில் லேபிள் ஒட்டுவாள். பேர், வயசு, சாப்பிட்டாச்சா, சாப்பிடலையா. லேபிள் இல்லாத குழாயை அவள் தொடக்கூட மாட்டாள். வீட்டில் சர்க்கரை டப்பாவிலிருந்து என் சாக்ஸ் பெட்டி வரைக்கும் அவள் கையெழுத்துத்தான்.

காலை ஆறு மணிக்கு வேலை. இரண்டு பஸ் மாறிப் போகிறாள். கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கி எட்டு மாசம் ஆகிறது. லைசென்ஸ் பீரோவில் தூங்குகிறது. வண்டிச் சாவி என் பாக்கெட்டில் தூங்குகிறது. அவள் சாவி கேட்கும்போதெல்லாம் "இன்னும் கொஞ்சம் கை பழகட்டும்" என்பேன். சாவி கொடுக்காமல் கை எப்படிப் பழகும் என்று அவள் கேட்டதில்லை.

லீவுக்கு ஒரு சின்னத் தீவுக்குக் கிளம்பினோம். படகில் போகும்போதே ஆரம்பித்தாள்.

"தீவுல வாடகைக் கார் எடுத்து நாமளே ஓட்டலாமாம். ரோட்ல போர்டு ஒண்ணும் கிடையாதாம். போன்ல சிக்னலும் கிடையாதாம். வழி எப்படித் தெரியும்?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

"கேட்டுக் கேட்டுப் போகலாம்."

"கேட்கறதா? நானா?"

"சரி, பந்தயம். ஒருத்தர்கிட்டயும் வழி கேட்காம தீவைச் சுத்தி வந்துட்டா, நம்ம வண்டிச் சாவியை நான் இந்த ஜென்மத்துல கேட்க மாட்டேன். கேட்டுட்டீங்கன்னா சாவி எனக்கு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அது நான் இல்லையே.

"வழி என்ன வழி? ஒரு கேள்விகூடக் கேட்காம சுத்தி வரேன், பாக்கறியா?"

"எந்தக் கேள்வியுமா?"

"எந்தக் கேள்வியும்!"

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு!"

"என்கிட்ட கேட்கலாம். மத்தவங்ககிட்ட கூடாது. நாளைக்குக் காலையில ஒன்பதுலேருந்து சாயந்திரம் அஞ்சு வரைக்கும்."

கையடித்துக் கொடுத்தேன். அவள் கடலைப் பார்த்துச் சிரித்தாள். மீனைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே வாடகைக் கார் கொட்டகைக்குப் போய்விட்டோம். ஒன்பதுக்குள் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட வேண்டாமா? கார்க்காரரைப் பிடித்துக்கொண்டேன். உப்புக் காற்றில் கதவு துரு பிடிக்காதா, டயர் எத்தனை மாசம் வரும், ஏன் எல்லா வண்டியும் வெள்ளை? பாவம், காதில் ஒரு சாக்பீஸைச் செருகிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நடுவில் வண்டியை முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று வரைந்து, இருந்த பதினோரு கீறலையும் அளவோடு குறித்துக்கொண்டேன். பின்கதவில் இரண்டு இரும்புக் கொக்கிகள் இருந்தன. கீறலும் இல்லை, கைப்பிடியும் இல்லை.

"இந்தக் கொக்கி எதுக்கு?"

"அதுவா சார், அது வந்து..."

"ஒன்பது ஆச்சு!" என்றாள் என் மனைவி.

கார்க்காரர் வாயை மூடிக்கொண்டார். நான் மூட முடியாமல் நின்றேன்.

"நீங்க போய் சீட்டைச் சரி பண்ணுங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டு வரேன்" என்றாள். நான் சீட்டைச் சரி பண்ணினேன். பின்னால் டொக் என்று ஏதோ சத்தம். அவள் வந்து உட்கார்ந்தபோது விரல் நுனியெல்லாம் வெள்ளை.

"என்ன அது?"

"பையில பவுடர் கொட்டிடுச்சு. கிளம்புங்க."

கிளம்பினேன். இரண்டு பக்கமும் தென்னை, நடுவில் சிவப்பு மண் ரோடு, வளைவுக்கு வளைவு கடல் எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டது. பத்து நிமிஷத்தில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. வண்டியை நிறுத்தி, பென்சிலை எடுத்து, சூரியனைப் பார்த்தேன். அதற்குள் பின்னாலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"இடது பக்கம் போங்க சார். வலது பக்கம் போனா உப்பளத்துல முடிஞ்சிடும்."

நான் கேட்கவே இல்லை! அவராகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"பாத்தியா? நான் கேட்கலை."

"கேட்கலையே" என்றாள், ரொம்ப சமாதானமாக.

அடுத்த பிரிவில் ரொட்டி வேன்காரர் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக் கையை நீட்டி, "நேரா, நேரா!" என்றார். அதற்கடுத்ததில் தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர். எனக்குத் தலை கொஞ்சம் கனக்க ஆரம்பித்தது. முகத்தைப் பார்த்தாலே உதவி செய்யத் தோன்றுகிற முகம் போலிருக்கிறது என் முகம்.

ஒரு டீக்கடை வந்தது. நான் எப்போதும் ரிவர்ஸ் எடுத்துத்தான் நிறுத்துவேன். கடைக்காரம்மா அடுப்படியிலிருந்து வண்டி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்ற மறுநொடி என் மனைவி இறங்கிப் போய்ப் பின்கதவைத் தூக்கி நிறுத்தினாள். "உள்ள வேகுது, கொஞ்சம் காத்து போகட்டும்" என்றாள். நான் பெஞ்சில் உட்காரப் போனேன்.

"அதுல வேணாம் சார், முதுகுக்கு ஆகாது" என்று கடைக்காரம்மா சாய்மானம் வைத்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். டீ வந்தது. குடித்தேன். சர்க்கரை இல்லை! எனக்குச் சர்க்கரை ஆகாது, முதுகு வலி இருக்கிறது என்று இவருக்கு எப்படித் தெரியும்? நாக்கு நமநமவென்று அரித்தது. மனைவி பக்கம் திரும்பினேன்.

"இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டுப் பாருங்களேன்."

"விளையாடறியா?"

"அப்ப டீயைக் குடிங்க."

குடித்தேன். டீ சுட்டதைவிட அந்தக் கேள்வி அதிகமாகச் சுட்டது.

கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். காவலர் எங்களை வரவேற்பது போல வண்டியின் பின்பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "வாங்க, வாங்க! மொத்தம் நூத்திப் பன்னிரண்டு படி. எண்ண வேணாம்" என்று அழைத்துப் போனார். உச்சியில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. அடுக்கடுக்கான கண்ணாடி வளையங்கள். அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. ஆனால் சுற்றிலும் இருந்த ஜன்னல்களைக் கனமான வெள்ளைத் திரை போட்டு மூடியிருந்தது. பட்டப்பகலில் விளக்குக்கு ஏன் திரை?

"இந்தத் திரையில ஒரு விசேஷம் இருக்கு சார்" என்று ஆரம்பித்தவர், என் மனைவியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கேட்கக் கூடாது. ஆனால் சொல்லலாமே? எனக்கும் மூளை இருக்கிறது.

"இங்க ஒரு திரை இருக்கு" என்றேன்.

"ஆமா, இருக்கு."

"பகல்லயும் மூடியிருக்கு."

"மூடித்தான் இருக்கு."

"ஏதோ காரணம் இருக்கும்."

"காரணம் இல்லாம இருக்குமா?"

அவர் என்னிடமே கேள்வி கேட்கிறார்! எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு படியும் இறங்கும்வரை திரை, திரை என்றே கால் இறங்கியது. கீழே என் மனைவி முன்கூட்டியே போய்ப் பின்கதவைத் தூக்கி வைத்திருந்தாள்.

"இப்ப எதுக்கு?"

"அன்னாசிப் பழம் வாங்கிப் போட்டேன். புழுங்கிடும்."

மத்தியானத்துக்கு மேல் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை பேர் வழி சொல்லி நான் ஓட்டினால் அது என்ன வீரம்? அடுத்த பிரிவில் ஒரு பெரியவர் "வலது பக்கம்" என்று கத்தினார். நான் வேண்டுமென்றே இடது பக்கம் திருப்பினேன். அரை கிலோமீட்டரில் ரோடு முடிந்து மணல் ஆரம்பித்தது. மணலில் சக்கரம் பாதி புதைந்தது. எதிரே அலை வந்து வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

"இறங்கி யாரையாவது கூப்பிடுங்க" என்றாள்.

"உதவி பண்ண முடியுமான்னு கேட்டா, அது கேள்விடி!"

"அட, ஆமாம்ல!"

சிரிப்பை அடக்க முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலை காய வைத்துக்கொண்டிருந்த நாலு மீனவர்கள் தூரத்தில் நின்று வண்டியின் பின்பக்கத்தை உற்றுப் பார்த்தார்கள். ஒருவர் மற்றவருக்குப் படித்துக் காட்டுவது போல விரலை ஆட்டினார். அப்புறம் ஓடிவந்து, தோள் கொடுத்துத் தள்ளி, ரோட்டில் ஏற்றிவிட்டார்கள்.

"நீங்க கேட்க மாட்டீங்கன்னு தெரியும் சார். அதான் நாங்களே வந்தோம்" என்றார் மூத்தவர்.

எப்படித் தெரியும்? எப்படி? தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். வாந்தி வருகிறது என்று நினைத்து ஒருவர் எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

நாலு மணி ஐம்பதுக்குக் கொட்டகைக்குள் வண்டி நுழைந்தது. தீவைச் சுற்றியாகிவிட்டது! ஒரு கேள்வி கேட்கவில்லை! இன்னும் பத்தே நிமிஷம். முன்சீட்டிலேயே உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைக்கூட மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியது. மூடியிருக்க வேண்டும்.

நாலு ஐம்பத்தேழு. பின்னால் டொக் என்று ஒரு சத்தம். கார்க்காரர் என் ஜன்னலைத் தாண்டி நடந்து போனார். கையில் ஒரு கரும்பலகை. எழுத்துப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேலே இரண்டு வளையம் தொங்க, ரொம்ப மெதுவாகப் போனார்.

"அது என்னங்க பலகை?"

கேட்டது நான்தான். என் வாய்தான். கடிகாரத்தில் இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.

"சாவி" என்று கையை நீட்டினாள் என் மனைவி.

கார்க்காரர் பலகையைத் திருப்பிக் காட்டினார். தீவில் போன் எடுக்காது என்பதால், வாடகை வண்டி எல்லாவற்றின் பின்னாலும் அந்தக் கொக்கியில் ஒரு பலகை மாட்டுவார்களாம். வந்திருப்பது யார், என்ன வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று எழுதிவிட்டால் ஊரே பார்த்துக்கொள்ளுமாம். என் பலகையில் குழாய் லேபிளில் எழுதுகிற அதே குண்டு எழுத்து:

'வழி கேட்க மாட்டார். நீங்களே சொல்லிவிடவும். டீக்குச் சர்க்கரை வேண்டாம். முதுகு வலி. எதையும் பாதி சொல்லி நிறுத்தவும். ஐந்து மணிக்குள் திருப்பி அனுப்பவும்.'

"இது ஏமாத்து!"

"எங்க ஏமாத்து? வழி தப்ப விட்டேனா? பட்டினி போட்டேனா? மணல்ல மாட்டினது நீங்களா போய் மாட்டினது. வாயைத் திறக்கச் சொன்னேனா?"

"என்னைக் குழாய் மாதிரி லேபிள் ஒட்டி ஊரெல்லாம் சுத்த விட்டிருக்கே!"

"லேபிள் ஒட்டினதாலதான் பத்திரமா வந்து சேர்ந்தீங்க." பிறகு குரல் இறங்கிவிட்டது. "எட்டு மாசமா கேட்டேன். விடியக்காலையில ரெண்டு பஸ், உட்கார இடம் கிடையாது. நேரா கேட்டா நீங்க தரலை. நான் வேற என்ன பண்ணட்டும்?"

அதற்கு என்னிடம் ஒரு கேள்வியும் இல்லை. வெட்கமாக இருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்? எங்கள் வண்டிச் சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் அதைக் கைப்பையில் போட்டுவிட்டு, வாடகை வண்டிச் சாவியையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் ஓட்டுநர் சீட்டில். நான் இடது பக்கம், பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. கார்க்காரர் குசலம் விசாரித்துவிட்டுப் பின்னால் போனார். டொக் என்று சத்தம் கேட்டது. அவள் விரல் நுனியெல்லாம் மறுபடியும் வெள்ளை.

"முதல்ல எங்க போறோம்?" என்றேன்.

"கலங்கரை விளக்கத்துக்கு. நேத்துலேருந்து திரை, திரைன்னு புலம்பறீங்களே. இன்னிக்கு எத்தனை வேணா கேட்டுக்குங்க."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நன்றாகவும் ஓட்டினாள். அதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது முதல் வளைவு வந்தது. எனக்கென்னவோ வேகம் கொஞ்சம் அதிகம் என்று பட்டது. வலது காலைத் தரையில் ஒரு மிதி மிதித்தேன். பின்னாலேயே வந்துகொண்டிருந்த ரொட்டி வேன் எங்களை ஒட்டி வந்தது. வேன்காரர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்:

"சார், உங்க பக்கம் பிரேக் கிடையாது! பேசாம வேடிக்கை பாருங்க!"