ஈர்ப்பு: வேதநாயகம்

ஒரு காட்டில் விண்வெளிப் படம் எடுத்தார்கள். எந்தக் காட்டில் எந்தப் படம் எடுத்தாலும் சிங்கராஜாதான் கதாநாயகன் என்பதால், அதற்கு ஆள் தேடும் வேலை மிச்சம். கதாநாயகியாகச் சித்ராங்கி என்ற புள்ளிமானைப் பிடித்துப் போட்டார்கள். ராஜா ராக்கெட்டில் போய், வேறொரு கிரகத்தில் மானைக் கண்டு காதலித்து, திரும்பும் வழியில் சூரியனையும் ஊதி அணைத்துவிட்டு வருவார். சூரியனை எதற்கு அணைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

டைரக்டர் கரடியார் விவரமானவர். நாளைக்கு எவனாவது அறிவியல் தப்பு என்று எழுதிவிடக் கூடாதே என்று, ஆலமரத்து வௌவால் வேதநாயகத்தை ஆலோசகராக வைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து தலைகீழாகத் தொங்குகிறவருக்கு மேல், கீழ் இல்லாத விண்வெளி புரியாதா என்பது அவர் கணக்கு. சும்மா சொல்லக் கூடாது, வேதநாயகம் நிஜமாகவே படித்தவர். ஆனால் அவர் சம்மதித்த காரணம் வேறு. பறவைகளும் சேர்த்துக்கொள்வதில்லை, மிருகங்களும் சேர்த்துக்கொள்வதில்லை. திரையில் ஒரு தடவையாவது தன் பெயர் தனியாக வர வேண்டும், அதை ஆலமரமே பார்க்க வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தார் பாவம்.

முதல் காட்சியிலேயே தகராறு. ராக்கெட் கிளம்பிய பிறகு ராஜா பின்னாலேயே ஓடி, தாவி ஏறினார்.

"சார், கிளம்பின ராக்கெட்ல ஓடிப்போய் ஏற முடியாது" என்றார் வேதநாயகம்.

"ராஜா பஸ்லயே அப்படித்தான் ஏறுவாரு. ரசிகர்கள் எதிர்பார்ப்பாங்க" என்றார் கரடியார்.

அதற்கப்புறம் வேதநாயகம் சொன்ன எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டூயட் பாட்டுக்கு நாள் குறித்தபோது மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. ராக்கெட்டுக்கு வெளியே, நடு விண்வெளியில், தரையில் ஆடுவதுபோல் ஆடப் போகிறார்களாம்.

"டைரக்டர் சார், இந்த இடத்துல ஈர்ப்பே கிடையாது."

கரடியாரின் முகம் தொங்கிப்போனது. ராஜா பக்கத்தில் இல்லையே என்று சுற்றிப் பார்த்துக்கொண்டார். "மெதுவாப் பேசுங்க சார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு. நீங்கதான் வாய்விட்டுச் சொன்னீங்க."

"நான் புவியீர்ப்பைச் சொல்றேன்."

"புவி யாரு? நம்ம ஹீரோயின் பேரு சித்ராங்கி. யாரா இருந்தா என்ன, ஈர்ப்பு இருந்தே ஆகணும். ரெண்டு பேரும் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு முகத்தோட முகம் வச்சுப் பாடட்டும். தானா வந்துரும்."

செய்தி கேட்டு சித்ராங்கி மூச்சிரைக்க ஆலமரத்தடிக்கு ஓடி வந்தாள். "அண்ணே, விண்வெளியில ஹெல்மெட்டைக் கழட்டினா நிஜமாவே செத்துருவாங்களா?"

"கொஞ்ச நேரம்கூடத் தாங்காதும்மா."

"இங்கயும் எனக்கு அதே கதிதான்ணே. அவரு பல்லைப் பக்கத்துல பாத்திருக்கீங்களா? காலெல்லாம் நடுங்குது. டைரக்டர் அதை நாணம்னு சொல்லிக் கைதட்டுறாரு. நீங்கதான் விடாமப் பேசணும். அறிவியல்னு சொன்னா கேப்பாங்க."

தன் படிப்பு ஒருத்திக்கு உயிர்ப் பிரச்சினையாக இருப்பதை அன்றுதான் வேதநாயகம் கண்டார். மனசு நெகிழ்ந்துவிட்டது. நேரே போய், ஹெல்மெட்டைக் கழட்டினால் படத்தில் தன் பெயரே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவருக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான். அதையே பணயம் வைத்தார்.

கரடியார் தலையைச் சொறிந்தார். "சரி, ஹெல்மெட் இருக்கட்டும். ஆனா ஈர்ப்புக்கு நீங்கதான் பொறுப்பு."

"அதை என்கிட்ட விட்டுடுங்க சார்" என்றார் வேதநாயகம், பூரித்துப்போய்.

பாட்டு எடுக்கப்பட்டது. கயிற்றில் மிதந்தபடி ராஜா நெருங்க நெருங்க, சித்ராங்கி விலகி விலகிப் போனாள். ராஜா விட்ட பெருமூச்சில் ஹெல்மெட் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து முகமே தெரியவில்லை. அறிவியல்படி எல்லாம் கச்சிதம் என்று வேதநாயகம் திருப்திப்பட்டார்.

படம் வெளியான அன்று ஆலமரத்துச் சொந்தம் முழுக்க தியேட்டர் கூரையில் தொங்கியது. பெயர்கள் ஓடின. நடுவில் ஒரு பெயர் மட்டும் தனியாக வந்து நின்றது. 'ஈர்ப்பு: வேதநாயகம்'. சித்திமார்கள் அழுதார்கள். வேதநாயகத்துக்கும் கண் நிறைந்துவிட்டது.

ராஜா ராக்கெட்டைத் துரத்தி ஏறினார். விசில் பறந்தது. சூரியனை ஊதி அணைத்தார். இன்னும் விசில். டூயட் வந்தது. தியேட்டரில் சத்தமே இல்லை.

"என்னப்பா, ரெண்டு பேருக்கும் நடுவுல ஈர்ப்பே இல்லையே" என்றது ஓர் எருமை.

"அதுக்குன்னு தனியா ஆள் போட்டிருந்தாங்களே. யாரோ வேதநாயகமாம்" என்றது பக்கத்து எருமை.

அவ்வளவுதான். இடைவேளைக்குள் ஆலமரத்துச் சொந்தம் ஒவ்வொன்றாகப் பறந்துபோய்விட்டது. படம் முடிந்ததும் நிருபர் காக்கைகள் வாசலில் சூழ்ந்துகொண்டன. "நான் சரியாத்தான் காதலிச்சேன்" என்றார் ராஜா. "அந்தத் துறையை முழுசா அவர்கிட்ட ஒப்படைச்சிருந்தோம்" என்றார் கரடியார்.

காக்கைகள் சித்ராங்கியைக் கேட்டன. அவள் தூணோரம் ஒட்டிக்கொண்டிருந்த வேதநாயகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற ராஜாவைப் பார்த்தாள். இப்போது யாருமே ஹெல்மெட் போட்டிருக்கவில்லை.

"நாங்க நெருங்கும்போதெல்லாம் அவருதான் தடுத்தாரு" என்றாள். கால்கள் நடுங்கின.

"பாத்தீங்களா, நாணம்" என்றார் கரடியார்.

நீதி: விண்வெளிப் படத்துக்கு அறிவியல் ஆலோசகர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் காதல் எடுபடாததற்குச் சிங்கத்தை அல்லவா குறை சொல்ல வேண்டியிருக்கும்.