கழற்றாத தலைச்சீரா

சாத்தானையும் கான்ட்ராக்டரையும் ஒரே உடுப்பில் எதிர்த்து நின்ற மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவரை எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டில் பார்த்தேன். பெயர் சர்வாயுதம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை அவருடைய ஆதார் அட்டையைத் தவிர யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

மாதவரத்தில் லாரி கிளீனராக இருந்தேன். ஒருநாள் ஓனரும் லாரியும் சேர்ந்து காணாமல் போனார்கள். அதன்பிறகு இந்த யார்டு. பெரிய எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றிச் சாரம் கட்டி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடிக்கும் வேலை. எட்டாவது வரை படித்திருக்கிறேன் என்றேன். "மேல ஏறுவியா?" என்றார்கள். ஏறுவேன் என்றேன். இன்டர்வியூ முடிந்தது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் நாளன்று காலையில் ஒரு மினி லாரி வரும். கல்யாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் இறங்குவதுபோல ஹெல்மெட், ஜாக்கெட், பெல்ட், பூட்ஸ் எல்லாம் இறங்கும். எல்லாரும் மாட்டிக்கொள்வோம். எனக்கு வந்த பூட்ஸ் இரண்டுமே இடது கால். வரிசையாக நிற்க வைத்துப் போனில் போட்டோ எடுப்பார்கள். ஆபீசர் கிளம்பியதும் சூப்பர்வைசர் கோணிப்பையை விரித்துக்கொண்டு வருவார். கழற்றிப் போட வேண்டும். அந்தப் பை அடுத்த யார்டின் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகும். மறுநாள் நாங்கள் வெறுந்தலையோடு சாரம் ஏறுவோம்.

ஒரு சாயங்காலம் அந்தக் கோணிப்பை சர்வாயுதத்தின் முன்னால் வந்து நின்றது. அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"கழட்டுய்யா."

"முடியாது சார். மாட்டிக்கோன்னு வேதத்துல கீது. கழட்டுன்னு எங்கயும் இல்ல. நீ தேடிப் பாத்து சொல்லு, அப்பால கழட்டறேன்."

சூப்பர்வைசர் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். வேதாகமத்தில் எந்தப் பக்கம் தேடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

வேதாகமத்தில் ஒரு போர்வீரனின் உடுப்பு வருகிறது. சர்வாயுதவர்க்கம் என்று அதற்குப் பெயர், அவர் பெயரும் அதிலிருந்து ஒட்டிக்கொண்டதுதான். தலைச்சீரா என்றால் தலைக்கவசம், அது இரட்சிப்பு. இடுப்புக் கச்சை சத்தியம். மார்க்கவசம் நீதி. காலில் சமாதானம், கையில் விசுவாசம் என்ற கேடயம். பிசாசு நெருப்பு அம்பு விடும், அதற்காக இத்தனையும். சர்வாயுதம் இதை அப்படியே யார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நெருப்பு அம்பு என்பது மேல்தட்டில் வெல்டிங் வைக்கும்போது எங்கள் தலையில் கொட்டுகிற பொறி. கேடயம் மட்டும் மினி லாரியில் வரவில்லை. அதற்கு ஒரு பெயின்ட் டிரம்மின் மூடியில் கைப்பிடி வைத்துக்கொண்டார்.

பெல்ட்டைப் பற்றிக் கேட்டால் உற்சாகமாகிவிடுவார். "சத்தியம்னா இன்னா நைனா? இடுப்புல கட்டிகினா மட்டும் போதாது. கொக்கிய எத்துலயாச்சும் மாட்டணும். மாட்டாத பெல்ட்டு, பேண்ட்டு அவுறாம இருக்கத்தான் ஒதவும்."

இதில் அவருடைய பாஸ்டருக்கு உடன்பாடில்லை. ஒருநாள் ஜெபக்கூட வாசலில் அவரை நிறுத்திவைத்துப் பேசினார்.

"பிரதர், அது ஆவிக்குரிய கவசம். இரும்பு, பிளாஸ்டிக்குன்னு எடுத்துக்கக் கூடாது."

"ஆவிக்குத் தல கீதா பாஸ்டர்? எனக்கு கீதே."

"அடையாளமா எழுதியிருக்கு பிரதர்."

"எழுதினவரு ஜெயில்ல குந்திகினு எழுதினாருன்னு நீங்கதானே சொன்னீங்க. காவலுக்கு நின்னவன் தலையில கெடந்த மெய்யான இரும்பப் பாத்துகினுதானே எழுதிருப்பாரு."

பாஸ்டர் சிரித்துவிட்டார். "சரி, உள்ள வந்து கடைசி வரிசைல உக்காருங்க. போன வாரம் உங்க ஹெல்மெட் மறைச்சு பின்னாடி இருந்தவங்களுக்கு நான் தெரியவே இல்லையாம்."

ஆம், ஜெபக்கூடத்துக்கும் அந்த உடுப்போடுதான் போவார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது உடுப்பைக் கழற்றிச் சாரத்தில் மாட்டினார். கை கழுவ எழுந்திருப்பதற்குள் சூப்பர்வைசரின் ஆள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சர்வாயுதம் எச்சில் கையோடு கேட் வரை துரத்திப் பிடுங்கிவந்தார். அன்றிலிருந்து உடம்பைவிட்டுப் பிரித்ததில்லை. கல்யாணப் பந்தியில் ஹெல்மெட்டோடு பிரியாணி சாப்பிட்டார். சலூனில் காதுக்குக் கீழே மட்டும் வெட்டச் சொன்னார். பஸ்ஸில் கண்டக்டர் அவரைப் பார்த்தாலே ஆரம்பிப்பார். "யோவ் பெருசு, டிரைவரு மேல அவ்ளோதான் நம்பிக்கையா?"

அவர் மனைவி என்னிடம் சொன்னார். "தூக்கத்துலகூட கழட்டல தம்பி. இந்தாளு ஒருதபா பொரண்டா, தகரக் கடைல பூன பூந்தா மாதிரி கீது. பக்கத்து வூட்டுக்காரங்க முழிச்சிகினு திட்றாங்க."

இத்தனைக்கும் ஆரம்பம் ஏழுமலை. சடையங்குப்பத்துக்காரன், எங்களோடு சாரத்தில் நின்றவன். ஒரு இன்ஸ்பெக்‌ஷனுக்கு மறுநாள் பலகை நழுவி விழுந்தான். முந்தின நாள் அவன் கட்டியிருந்த பெல்ட் அப்போது கோணிப்பைக்குள் இருந்தது. உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே இல்லை. இதைப் பற்றி சர்வாயுதம் பிரசங்கம் செய்ததே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போவார். அவனைத் தூக்கி வெளியே வெயிலில் உட்காரவைத்து, கொஞ்சநேரம் பேசிவிட்டு வருவார்.

அடுத்த இன்ஸ்பெக்‌ஷன் நெருங்கியபோது சர்வாயுதத்தின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். உடுப்பைக் கொடுத்தால் பாஸ். பாஸ் இல்லாதவன் வாசலுக்குள் கால் வைக்க முடியாது. வேலைக்குப் போகிற நேரத்துக்கே அவர் வந்து, எதிரே டீக்கடையில் முழு உடுப்போடு, டிரம் மூடி சகிதம் உட்கார்ந்துவிடுவார்.

"இன்னா சர்வாயுதம், யுத்தம் முடிஞ்சா மாதிரி கீதே" என்பார் டீக்கடை பாய்.

"எங்க பாய், இப்பதானே மாட்டிகினு வந்துகீறேன்."

நான் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். "அண்ணாத்தே, பேஜாரு வேணாம். குடுத்துட்டு உள்ள வா. வூட்ல அக்கா இன்னா பண்ணும்?"

"ஏழுமல வூட்ல இன்னா பண்றாங்களோ, அதான்."

வேறு வழி தெரியாமல் அவர் ஆயுதத்தையே எடுத்தேன். "தலைக்குச் சொன்ன, மாருக்குச் சொன்ன, இடுப்புக்கு, காலுக்குச் சொன்ன. முதுகுக்கு இன்னா கீது அண்ணாத்தே?"

திகைத்துப் போனார். பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து விரலை ஓட்டிப் பார்த்தார். டீ ஆறிப்போனது.

"ஒண்ணும் இல்ல நைனா."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"ஓடறவனுக்குத்தான் முதுகு தெரியும். ஓடக்கூடாதுன்னு ஆண்டவரு அத வுட்டுகீறாரு" என்று புத்தகத்தை மூடினார்.

இன்ஸ்பெக்‌ஷன் நாள் வந்தது. மினி லாரி வந்தது. மாட்டிக்கொண்டோம், போட்டோ எடுத்தார்கள், ஆபீசர் கிளம்பினார். சூப்பர்வைசர் கோணிப்பையோடு நேராக என்னிடம் வந்தார். எங்கே தொடங்கவேண்டும் என்று தெரிந்த மனிதர்.

"நீ எந்த வேலைலயும் நிக்காதவன். நாளைக்கு எந்த ஊர்ல இருப்பியோ. உனக்கு எதுக்குடா இதெல்லாம். கழட்டு."

அவர் சொன்னது உண்மைதான். நான் எங்கும் நின்றதில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே சர்வாயுதம் டிரம் மூடியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெல்மெட்டின் வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். "மாட்டிக்கோன்னுதான் சார் கீது" என்றேன். எந்தப் பக்கத்தில் என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். கேட்கவில்லை. பக்கத்திலிருந்தவர் தன் பெல்ட்டின் கொக்கியைக் கையில் பொத்திக்கொண்டார். அதற்கடுத்தவர், நடந்ததே தெரியாததுபோல வானத்தைப் பார்த்தார். கோணிப்பை வரிசையின் கடைசிவரை போய் வெறும் பையாகத் திரும்பியது.

மறுநாள் ஹெல்மெட்டோடு சாரம் ஏறினோம். அதற்கடுத்த நாளும் ஏறினோம். சர்வாயுதத்துக்கு மட்டும் பாஸ் திரும்பி வரவே இல்லை. காத்திவாக்கம் பக்கம் வேறொரு யார்டில் சேர்ந்து, அங்கேயும் முதல் இன்ஸ்பெக்‌ஷன் அன்றே கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்று கேள்வி.

ஆனால் கோணிப்பை வெறுமையாகத் திரும்பிய அந்தச் சாயங்காலம் நாங்கள் எல்லாரும் உடுப்போடு கேட்டைத் தாண்டி வெளியே வந்தோம். அவர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். பஸ் வந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, கேட்க வந்ததை விழுங்கினார்.

கம்பியைப் பிடித்து நின்ற சர்வாயுதம் திரும்பாமலே சொன்னார். "அன்னிக்கு முதுகுக்கு இன்னான்னு கேட்டியே நைனா. நான் தப்பாச் சொல்லிட்டேன். பின்னாடி ஆளுங்க கீறாங்கன்னுதான் வுட்டுகீறாரு."

பக்கத்தில் ஒரு சீட் காலியானது, பாய்ந்து உட்காருகிற ஆள்தான் நான். அன்றைக்குத் திருவொற்றியூர் வரை அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு வந்தேன்.