கார்கோனின் வக்கீல்

கெட்டவர்கள் மேல் இவ்வளவு பாசம் வைத்த மனிதர் பெங்களூரில் அவருக்கு முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கப்போவதில்லை. எங்கள் கம்பெனி பஸ்ஸில் அவருக்கு 'வில்லன் வக்கீல்' என்று பெயர். அக்கவுண்ட்ஸில் வேலை, நாற்பதைத் தாண்டிய வயது. வாழ்நாள் முழுக்க அவருக்கு ஒரே கட்சிக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை கார்ட்டூனில் வாராவாரம் உதை வாங்கும் கார்கோன் என்ற கறுப்பு டேங்கர் லாரி.

கதை சின்னது. ஐந்து வண்டிகள் ரோபோக்களாக எழுந்து, ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு ஒரே பெரிய ரோபோவாகும். அதை நாங்கள் 'பெரியவர்' என்போம். பெரியவர் கார்கோனை நொறுக்குவார். அடுத்த வாரம் அவன் மறுபடியும் ஊரை அழிக்க வருவான்.

அல்சூரிலிருந்து ஹெப்பகோடி போகும் பஸ் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் மாட்டிக்கொண்டதும், கடைசி சீட்டில் கோர்ட் கூடும். அது ஐந்து பேர் சீட். மூர்த்தி என்பவர் வேலை நிமித்தம் சிங்கப்பூர் போயிருந்ததால், புதிதாகச் சேர்ந்த எனக்கு அவர் இடம் கிடைத்தது.

"அவன் ஏன் ஊரை அழிக்கிறான்? சொல்லு பாப்போம்" என்பார் வக்கீல்.

"வில்லன் சார் அவன். அழிக்காம கோலமா போடுவான்?" என்பாள் விவேக் நகர் ஸ்டெல்லா. எதிர்த்தரப்பு அவள்தான்.

உடனே வக்கீலின் சாப்பாட்டுப் பையிலிருந்து பெரியவர் வெளியே வருவார். கடை கடையாக அலைந்து வாங்கிய பொம்மை வண்டிகள். இடது காலாக மாறும் ஜீப் மட்டும் ஊரில் எங்கேயும் கிடைக்கவில்லை. அந்தக் காலி இடத்தில் கார்கோன் பொம்மையை மாட்டுவார். டக்கென்று உட்காரும்.

"பாத்தியா? எதிரிக்கு எதுக்கும்மா இந்தக் கொக்கி? இவனும் இவங்க ஆளுதான். சேத்துக்காம வெளிய நிறுத்திட்டாங்க. யாருக்கா இருந்தாலும் கோவம் வரும்ல?"

"ஒரே அச்சுல செஞ்சா செலவு மிச்சம் சார். இதுக்குப் போய் கண்ணைத் தொடைக்கிறீங்களே!"

நிஜமாகவே துடைத்துக்கொண்டிருப்பார். கார்கோன் எரிமலையில் விழுந்த வாரம், வீட்டில் துக்கம் என்று போன் செய்து லீவு போட்டார். பதறிப்போன மேனேஜர் பூமாலையோடு அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அந்த மாலை டேங்கர் லாரி பொம்மைக்கு மூன்று சுற்று வந்ததாம்.

ஒரு திங்கட்கிழமை மூர்த்தி திரும்பி வந்தார். கையில் சிங்கப்பூரில் வாங்கிய பச்சை ஜீப். அசல் இடது கால்!

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இந்த ஊரில் அந்தச் சீட்டை விட்டால் எனக்குப் பேச ஆள் கிடையாது. இனி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்க வேண்டியதுதான்.

"கேஸ் முடிஞ்சுது சார். கார்கோனைக் கழட்டுங்க" என்றாள் ஸ்டெல்லா.

வக்கீல் ஜீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை நாள் தேடியது! கார்கோன் மேல் கை வைத்தார். கழற்றவில்லை.

"இத்தனை நாள் காலா நின்னவன்மா. அசல் வந்துடுச்சுன்னு இன்னைக்குக் கழட்டி விட்டா, நாளைக்கே ஊரை அழிக்கக் கிளம்பிடுவான்."

ஜீப்பைப் பெரியவரின் கையில் கேடயமாக மாட்டினார். அங்கேயும் டக்கென்று உட்கார்ந்தது.

அப்போதுதான் என்னைக் கவனித்தார்.

"நீ எங்கப்பா எழுந்து போற? உக்காரு. எல்லாரும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க!"

அன்றிலிருந்து ஐந்து பேர் சீட்டில் ஆறு பேர். பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும், திருப்பத்துக்குத் திருப்பம் சரிந்துகொண்டு வந்தவர் வக்கீல்தான்.

இன்றுவரை நான் இந்த ஊரை அழிக்கக் கிளம்பவில்லை. அதற்கு அவர் ஒருவர்தான் காரணம்.